சியாட்டிலில் ஓர் இடம் காலி

கரையான்சாவடி
19 மார்ச் 2025

ரேகா,

இனி வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதாதே. ஃபயாஸ் என் வாட்ஸ்அப்பைத் தன் லேப்டாப்பில் இணைத்து வைத்திருக்கிறான். பெயருக்குத்தான் தம்பி, பார்ப்பது உளவு வேலை. மெயிலை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சீண்டுவதில்லை. அதில் பேங்க்காரன் மட்டும்தான் எழுதுவான் என்று நினைக்கிறார்கள். அதனால் இனிமேல் மெயில். அதுவும் தமிழில். இங்கிலீஷில் எனக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத வரும், சண்டை போட வராது.

நேற்று நீயும் உங்கம்மாவும் நோன்பு திறக்க வந்தீர்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், எனக்குப் பெருசுலயே கிடைச்சிடுச்சு" என்று அத்தாவிடம் சொன்னாயே, உன்னை யாராவது கேட்டார்களா?

அத்தா, "பெருசுன்னா இன்னாமா?" என்றார். அதோடாவது நிறுத்தினாயா? சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கினாய். "சியாட்டில்ல ரெண்டு யுனிவர்சிட்டி அங்கிள். ஏரிக்கு இந்தாண்ட ஃபேமஸானது, அதப் பெருசுன்னுவோம். அந்தாண்ட சின்னது ஒண்ணு கீது, அது சிறுசு. எனக்கு ரெண்டுலயும் கிடைச்சிருக்கு. ரைஹானாவுக்குச் சிறுசு."

ரெண்டு பேருக்கும் ஒரே காலேஜ், ஒரே ரூம் என்று நான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அது உனக்கும் தெரியும்.

நீங்கள் போனதும் தையல் கடைக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ரேகா போனா நீ போ. அது படிக்கிற காலேஜு, அது இருக்கிற ரூமு. அது வேற எங்கியோ போவுதுன்னா நீ இங்கியே ஏதாச்சும் படி." குரல்கூட உயரவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

எனக்கு அமெரிக்காவில் இடம் கொடுத்தது அமெரிக்காக்காரன் இல்லை, நீதான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் பதினைந்துக்குள் யுனிவர்சிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். பெருசுக்கா, சிறுசுக்கா, எதற்குப் போகப் போகிறாய்?

ரைஹானா

பி.கு. உங்கம்மா கஞ்சியை டப்பாவில் வாங்கிக்கொண்டார்கள். இங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரதமாம். போன வருஷமும் அதே விரதம்தான்.


வெள்ளானூர்
23 மார்ச் 2025

ரைஹு,

சந்தோஷத்தில் வாயில் வந்துவிட்டது. நீ சொல்லிவைத்த பொய் அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லை. இதைத் திட்டமிட்டுச் செய்தேன் என்று நினைத்தால் நீ என்னைப் புரிந்துகொண்டதே இல்லை.

எதற்குப் போகிறேன் என்று கேட்கிறாய். எனக்கே தெரியவில்லை. கன்சல்டன்சி கோபி சார், பெருசை விடுகிறவள் பைத்தியம் என்கிறார். போன மாதம் இதே ஆள்தான் சிறுசுக்கு விண்ணப்பம் போட வைத்தார், 'பிரமாதமான யுனிவர்சிட்டி, சின்ன கிளாஸ்' என்று. ஒரு வீடியோ பார்த்தால் பெருசில் படித்தவன் எல்லாம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த வீடியோவில் சிறுசின் பெயரைப் பார்த்ததும் ரெஸ்யூமைத் தூக்கிப் போடுகிறார்கள். காலையில் எழுந்தால் பெருசு, குளித்துவிட்டு வந்தால் சிறுசு. மதியம் சாப்பிட்டதும், இரண்டும் வேண்டாம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது வேலைக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது.

அப்பா தண்ணி லாரி போகிற தெருவெல்லாம் பெருசின் பெயரைச் சொல்லிவிட்டார். எங்கள் நெல் வயலில் எழுந்த ஃபிளாட்டுகளுக்கு, மிச்சமிருக்கும் மூலையில் போர் போட்டு நாங்களே தண்ணீர் விற்கிறோம். அங்கே பால்கனியில் நிற்கிறவர்களிடம் அவர் வேறு எதைப் பெருமையாகச் சொல்வார்?

இன்னொன்று. உன் அனுமதியை ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள்? காலேஜில் நாலு வருஷமும் உங்கள் அத்தா எனக்குத்தான் போன் செய்தார். "ரேகாம்மா, ரைஹானா கிளம்பிடுச்சா? பஸ் ஏறிடுச்சா?" நீ எங்கே இருந்தாலும் ஏறிவிட்டாய் என்றுதான் நான் சொல்ல வேண்டும். அமெரிக்கா போயும் அந்த போனை நான்தான் எடுக்க வேண்டுமா? நான் என்ன உனக்கு வாட்ச்மேனா?

கோபித்துக்கொள்ளாதே. குழப்பமாக இருக்கிறது.

ரேகா


கரையான்சாவடி
25 மார்ச் 2025

ரேகா,

வாட்ச்மேன் என்று எழுதினாய். பாராட்டுகிறேன். எனக்கே தோன்றாத வார்த்தை.

உன்னைக் காவல் வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என்னை வெளியே அனுப்ப ஒரு காரணம் வேண்டும். காலேஜுக்கும் நீதான் காரணம், கோடம்பாக்கத்தில் இன்டர்ன்ஷிப்புக்கும் நீதான் காரணம். என் மார்க்கைக் காட்டினால் தலையாட்டுவார்கள், உன் பெயரைச் சொன்னால்தான் கதவைத் திறப்பார்கள். இதில் எனக்கு என்ன பெருமை இருக்கிறது என்று நினைக்கிறாய்? என்னைவிட என் அத்தாவுக்கு உன்மேல் நம்பிக்கை அதிகம். அது உனக்குச் சுமை, எனக்கு அவமானம்.

சரி. நீ பெருசுக்கே போ. நான் குறுக்கே விழமாட்டேன். நானாக இருந்தாலும் பெருசுக்குத்தான் போயிருப்பேன், யாரையும் கேட்டிருக்கமாட்டேன்.

ஆனால் ஊர் ஒன்றுதானே? இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏரி, அதன்மேல் ஒரு பாலம். இங்கே கரையான்சாவடியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் கிண்டிக் காலேஜுக்குப் போய் வந்த நமக்கு அதெல்லாம் ஒரு தூரமா? காலேஜ் வேறாக இருக்கட்டும், ரூம் ஒன்றாக இருக்கட்டும். நீ வந்து அத்தாவிடம் அதை மட்டும் சொல். "அங்கிள், நாங்க ஒண்ணாத்தான் தங்குறோம்." அவ்வளவு போதும், பாதியாவது மனசு இறங்குவார். நான் கேட்பது அந்த ஒரு வரிதான்.

திங்கட்கிழமை பெருநாளாக இருக்கும். எப்போதும்போல வா. பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடு.

ரைஹானா


வெள்ளானூர்
2 ஏப்ரல் 2025

ரைஹு,

பெருநாளுக்கு வர முடியவில்லை. காய்ச்சல். நிஜமாகவே காய்ச்சல் என்று எழுதுகிறேன் பார், அதிலேயே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ரூம் விஷயம் இப்போது பேச வேண்டாமே. முதலில் ஏப்ரல் பதினைந்து முடியட்டும், விசா வரட்டும். அங்கே போய் வாடகை, பஸ் எல்லாம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பெருசுக்குப் பக்கத்திலேயே இருந்தால் எனக்கு லைப்ரரிக்கு வசதி என்கிறார்கள். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடுமாம். பாலம் தாண்டி வருவதெல்லாம் சொல்வதற்குச் சுலபம்.

அம்மா கேட்கச் சொன்னார்கள், உங்கம்மா ஜுபைதா ஆன்ட்டி எப்படி இருக்கிறார்கள் என்று.

ரேகா


கரையான்சாவடி
6 ஏப்ரல் 2025

ரேகா,

சியாட்டில் போகிற தமிழ்ப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. நேற்று அதில் என்னைச் சேர்த்தார்கள். ரூம் தேடுகிறவர்களின் பழைய செய்திகளை அட்மின் எனக்கு அனுப்பினாள், அதில் மார்ச் இருபத்தெட்டாம் தேதி ஒரு விளம்பரம். "பெயர் ரேகா. சென்னை. சுத்த சைவம். சைவப் பெண்களுடன் தங்க இடம் தேவை." கீழே உன் நம்பர்.

நீ சைவமாடி?

எங்கள் வீட்டுப் பாயாவில் எலும்பை உறிஞ்சி, தட்டில் தட்டி, திருப்பிப் போட்டு உறிஞ்சியவள் நீ. ஃபயாஸ் பங்கையும் பிடுங்கித் தின்றவள். காலேஜில் பெரிய கறியை உனக்காகத் தனி டப்பாவில் கொண்டுவந்தேன், மாட்டுக்கறி விஷயம் உங்கம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று நான்தான் அந்த டப்பாவைக் கழுவினேன். உங்கள் வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழி அடிக்கிறார்கள். யாருக்கு இந்தச் சைவம்?

யாருக்கு என்று எனக்குத் தெரியும். அந்த குரூப் முழுக்க இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். 'சைவம்' என்று போட்டுவிட்டால் யாரையும் வராதே என்று சொன்னதாக ஆகாது. கதவைச் சாத்திய சத்தமே கேட்காது. என்னை மாதிரி ஆள் அந்த வரியைப் படித்துவிட்டுத் தானாகவே அடுத்த விளம்பரத்துக்குப் போய்விட வேண்டும். அவ்வளவு மரியாதையான ஏற்பாடு.

அவர்கள் எழுதட்டும். அவர்களுக்கு என்னைத் தெரியாது. நீ எப்படி எழுதினாய்?

காய்ச்சலாம்.

ரைஹானா


வெள்ளானூர்
11 ஏப்ரல் 2025

ரைஹானா,

ஐந்து நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். நேராகவே சொல்கிறேன்.

உன்னோடு தங்குவதை எங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா சொன்னது இதுதான்: "பழகறது வேற, ஒரே ரூம்ல கெடக்கறது வேற. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன், அங்க யாரோட இருந்துச்சுன்னு கேப்பான். நான் இன்னாடி சொல்றது?" அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். எங்கள் வீட்டில் அவர் கருத்துச் சொல்வது அப்படித்தான்.

நான் எதிர்த்துப் பேசினேனா என்று கேட்பாய். ஒரு தடவை பேசினேன். அப்போது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காதில் விழுந்ததா என்று தெரியாது. நிறுத்தின பிறகு நான் திரும்பச் சொல்லவில்லை.

விளம்பரம் நான்தான் போட்டேன். எல்லோரும் எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினேன். மூன்று பெண்கள் உடனே சேர்த்துக்கொண்டார்கள். இனி இரண்டு வருஷம் முட்டைகூடக் கிடையாது. உனக்குச் சிரிப்பு வரட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அம்மா வேண்டாம் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. உங்கள் அத்தாவின் போனை இனி நான் எடுக்க வேண்டியதில்லை என்று. இந்த இரண்டில் எதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன் என்று யோசிக்கிறேன். பதில் தினமும் மாறுகிறது.

பெருசுக்குச் சரி என்று நேற்று அழுத்திவிட்டேன். நாளை கடைக்கு வந்து உங்கள் அத்தாவிடம் நானே சொல்கிறேன். ஒன்றாகத் தங்குகிறோம் என்று பொய் சொல்லமாட்டேன். அங்கே போனபிறகு அவர் வீடியோ காலில் "ரேகாவக் காட்டு" என்றால் நீ யாரைக் காட்டுவாய்?

ரேகா


கரையான்சாவடி
16 ஏப்ரல் 2025

ரேகா,

சனிக்கிழமை நீ கடைக்கு வந்தபோது நான் உள்ளே பட்டன் அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. யூனிஃபார்ம் சீசன் தொடங்கிவிட்டது. அளவு கொடுக்க வந்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், அதன் நடுவில் நீயும் நின்றாய்.

"அங்கிள், நான் பெருசுக்குத்தான் போறேன்."

"சந்தோஷம்மா. ரூமு?"

"ரூமும் வேற."

"இன்னாத்துக்கு? ஊரு ஒண்ணுதான?"

நீ பின்னால் நின்ற பிள்ளைக்கு வழிவிட்டாய். பிறகு, "எங்க ஊட்ல ஒத்துக்கல அங்கிள்" என்றாய்.

அத்தா அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "டீ சாப்ட்டுப் போமா" என்றார். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது. நீ குடித்துவிட்டுப் போனாய்.

நீ தெரு திரும்பினதும் என்னைக் கூப்பிட்டார். "அவங்க பொண்ணு தனியாப் போவுமாம். எம் பொண்ணுக்கு மட்டும் இன்னா, கை கால் இல்லியா? நீ போ. எவங்க துணையும் வேணாம். சிறுசோ பெருசோ, நீ போ."

புரிகிறதா? நாலு வருஷம் மார்க் வாங்கிக் காட்டியும் கிடைக்காதது, உங்கள் வீட்டார் என்னை வேண்டாம் என்று சொன்னதால் கிடைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும். அழுகை வந்தது. அவர் என்னை நம்பி அனுப்பவில்லை. உங்கள்மேல் இருக்கும் ரோஷத்தில் அனுப்புகிறார். கோபம் ஆறிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து, அந்த மத்தியானமே சிறுசுக்குச் சரி என்று அழுத்திவிட்டேன். அது நல்ல யுனிவர்சிட்டியா, அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றெல்லாம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை ரேகா. நீ உங்கள் அப்பாவின் தண்ணி லாரிக்காகப் பெருசு எடுத்தாய். நான் எங்கள் அத்தாவின் ரோஷம் ஆறுவதற்குள் சிறுசு எடுத்தேன்.

இனி எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

ரைஹானா


வெள்ளானூர்
6 ஜூலை 2025

ரைஹானா,

எழுதாதே என்றாய். இருந்தும் எழுதுகிறேன். வியாழக்கிழமை ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே, அமெரிக்க கான்சுலேட் வரிசையில் நீ எனக்கு முன்னால் நின்றாய். நீலச் சுடிதார். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். சேர்ந்து வருவோம் என்று இரண்டாம் வருஷத்திலிருந்து பேசிக்கொண்டிருந்த இடம் அது.

நீ வெளியே வரும்போது கையில் பாஸ்போர்ட் இல்லை. வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றால் விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்குப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கூட ஒரு தாள். தகுதி இல்லையாம். வேண்டுமானால் மறுபடி வரலாமாம்.

"ஏன் இந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டார்கள். கோபி சார் சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். லேப் பெயர், புரொபசர் பெயர், பாடத்தின் பெயர், படிப்பு முடிந்ததும் இந்தியா திரும்பி என்ன செய்வேன் என்பது வரைக்கும். ஜன்னலுக்குள் இருந்த அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் தப்பு நடந்தது? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

அப்பா லாரியைக் கொஞ்ச நாள் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். ஃபிளாட்டுக்காரர்கள் "எப்பக் கிளம்பறா?" என்று கேட்கிறார்கள் என்று.

விசாவுக்காக இன்ஸ்டாகிராமை எல்லோரும் பார்க்கிற மாதிரி திறந்து வைக்கச் சொன்னார்கள் அல்லவா? நானும் திறந்தேன். உங்கள் வீட்டில் நாம் இருவரும் பாயா எலும்போடு எடுத்த படம் அதில் கிடந்தது. சைவ ரூம்காரிகள் பார்த்துவிட்டு அன்றைக்கே என்னைத் தூக்கிவிட்டார்கள். பெருசும் இல்லை, ரூமும் இல்லை.

நீ அங்கே என்ன பதில் சொன்னாய்? தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ரேகா


கரையான்சாவடி
9 ஜூலை 2025

ரேகா,

நீ செருப்பைப் பார்த்ததை நான் பார்த்தேன். கூப்பிடலாம் என்று நினைத்தேன். முன்னால் நின்றவன் நகர்ந்துவிட்டான், நானும் நகர்ந்துவிட்டேன்.

என்ன சொன்னேன் என்று கேட்கிறாய். சொன்னால் உனக்குக் கோபம் வரும். "ஏன் இந்த யுனிவர்சிட்டி?" என்றார் அந்த ஆள். கோபி சார் கொடுத்தது எல்லாம் மறந்துவிட்டது. "அதே ஊர்ல இருக்கிற பெரிய யுனிவர்சிட்டி எனக்குக் கிடைக்கல. இதுதான் கிடைச்சது" என்றேன். அவர் தலையை நிமிர்த்தினார். அப்பா என்ன செய்கிறார் என்றார். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறார். உன் யூனிஃபார்மையும் அவர்தான் தைத்தாரா? ஆமாம், கையை எப்போதும் நீளமாக வைத்துவிடுவார், வளர்ந்துவிடுவேன் என்று. சிரித்தார். பாஸ்போர்ட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. நீ சரியாகச் சொன்னாய், கிடைக்கவில்லை. நான் தப்பாகச் சொன்னேன், கிடைத்தது. இதிலிருந்து எதையாவது கற்றுக்கொள்ளலாம் என்று யோசிக்காதே, ஒன்றும் இல்லை. பக்கத்து ஜன்னலில் ஒருத்தி உண்மையைத்தான் சொன்னாள், அழுதுகொண்டு போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அன்றைக்கு என்ன மனநிலையோ, யாருக்குத் தெரியும்?

அத்தாவின் கோபம் நான் பயந்தபடியே ஆறிவிட்டது. இப்போது டிக்கெட் போட்டதும் கவலையாகிவிட்டார். ஃபயாஸ் என் போனில் நான் இருக்கும் இடத்தைக் காட்டுகிற ஆப்பைப் போட்டிருக்கிறான். ஏரியைத் தாண்டினாலும் கரையான்சாவடியில் தெரியும். வாட்ச்மேன் வேலை உன்னிடமிருந்து போய்விட்டது, நிம்மதியாக இரு.

உனக்குக் கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் திருப்தி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ரைஹானா


வெள்ளானூர்
9 நவம்பர் 2025

ரைஹு,

நான்கு மாதம் ஆகிவிட்டது. உன் படங்களைப் பார்க்கிறேன். கறுப்பு கோட்டில் வேறு ஆள் மாதிரி இருக்கிறாய்.

எனக்கு விசா கிடைத்துவிட்டது. ஆனால் பெருசுக்கு இல்லை. என் பிரிவில் ஜனவரியில் சேர்க்கமாட்டார்களாம். அடுத்த செப்டம்பர் வரைக்கும் காத்திரு, மறுபடியும் விண்ணப்பம் போடு என்றார்கள். சிறுசில் ஜனவரியிலேயே சேரலாம், பழைய அனுமதியையே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்து மறுபடி போனேன். வேறு ஜன்னல், வேறு ஆள். "ஏன் இந்த யுனிவர்சிட்டி?" "ஜனவரியில் சேர்த்துக்கொள்கிறார்கள்" என்றேன். கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு வருஷம் வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை. அம்மா அதற்குள் இரண்டு வரன் பார்த்துவிட்டார்கள்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இவ்வளவு சுற்றுகிறேன். விசா வந்த அன்றைக்கு அம்மா சொன்னார்கள்: "அந்த ரைஹானாப் பொண்ணு அங்கதான கீது? நல்ல பொண்ணு. அதுகூடவே தங்கிக்க. தெரியாத ஊர்ல தெரிஞ்சவங்க இருந்தா நமக்கும் தைரியம்." பருப்பு கழுவிக்கொண்டே சொன்னார்கள். மார்ச்சில் தான் சொன்னது எதுவும் நினைவில் இல்லாத மாதிரி. "பொண்ணு கேட்டு வர்றவன் கேக்க மாட்டானா?" என்றேன். "அமெரிக்கால யாருடி வந்து பாக்கறான்?" என்றார்கள். அப்பாவைப் பார்த்தேன். இந்தத் தடவை டிவி சத்தத்தைக் குறைத்தார்.

உன் அறையில் இடம் இருக்குமா?

இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினாலும் போதும். காரணம் எழுத வேண்டாம்.

ரேகா


சியாட்டில்
14 நவம்பர் 2025

ரேகா,

முதலில் சிறுசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லாதே. ஆபீஸ் கட்டடத்தில் மூன்று மாடி, அதுதான் யுனிவர்சிட்டி. கீழ்த்தளத்தில் பல் டாக்டர். வகுப்பில் பாதிப் பேர் ஹைதராபாத், மீதி நாம். வாத்தியார்கள் மோசமில்லை. சுற்றிப் பார்த்தால் அமெரிக்காவுக்கு விமானம் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கிய மாதிரி இருக்கும். ஒரு நாள் பாலம் தாண்டிப் பெருசைப் போய்ப் பார்த்தேன். கேட்டே இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம், புல்லில் உட்காரலாம். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. கேட் எல்லாம் நம் ஊரிலேயே வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட்டில் ரூம் தேடினேன். நான் பெயரைச் சொல்கிறவரைக்கும் இடம் இருக்கும். சொன்னதும் அது நேற்றே போயிருக்கும். ஐந்து இடத்தில் இப்படி. கடைசியில் லக்னோக்காரி மெஹக் சேர்த்துக்கொண்டாள். எங்களோடு இருக்கும் மூன்றாவது பெண் டிசம்பரில் போகிறாள்.

ஆக, ஒரு இடம் காலி. இதுதான் விளம்பரம். சைவம், அசைவம் எதுவும் போடவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. உங்கம்மா கரையான்சாவடிக்குப் போய் எங்கம்மாவிடம் நேரில் கேட்க வேண்டும். போன் கூடாது. நான் எங்கம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும்மாட்டேன். எங்கம்மா டீ போடும். அதைக் குடிக்க வேண்டும். விரதம் இல்லாத நாளாகப் பார்த்துப் போகச் சொல்.

இது சின்னத்தனம் என்று மெஹக் சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு வேண்டும்.

ரைஹானா


வெள்ளானூர்
24 நவம்பர் 2025

ரைஹு,

நேற்று போனோம். மழை. ஆவடியில் பஸ் ஏறுகிற வரைக்கும் அம்மா, "போன்லயே கேட்டா ஆவாதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். நிபந்தனையில் டீ இருப்பதை நான் சொல்லவில்லை. நேரில் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பட்டுப்புடவை கட்டியிருந்தார்கள், பெண் பார்க்கப் போகிற மாதிரி. வாழைப்பழம், ஒரு டப்பா மைசூர்பாகு.

ஜுபைதா ஆன்ட்டி வாசலிலேயே என் தலையைத் துடைத்துவிட்டார்கள். அம்மா மழையைப் பற்றிப் பேசினார்கள், ஃபயாஸின் மார்க்கைப் பற்றிப் பேசினார்கள், எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, "உங்க பொண்ணுகூட எம் பொண்ணையும் வெச்சிக்கச் சொல்லுங்கமா" என்றார்கள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

"இதுக்கா மழையில இம்மாந்தூரம் வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா ஆயிருக்குமே" என்றார்கள் ஆன்ட்டி. வெகுளியாகச் சொன்னார்களா, குத்திச் சொன்னார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அதற்குள் உங்கள் அத்தா கடையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம், "இப்ப ரெண்டு பேரும் ஒரே காலேஜா?" என்றார்.

"ஆமா அங்கிள்."

"ஒரே ரூமா?"

"ரைஹானா சரின்னா."

"அதத்தான நான் மொதல்லயே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினார்கள்.

டீ வந்தது. ஸ்டீல் டம்ளர். அம்மா உடனே எடுக்கவில்லை. நான் அவர்களைப் பார்க்கக் கூடாதென்று ஃபயாஸோடு பேசிக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்தார்கள். குடித்தார்கள். கிளம்பும்போது பார்த்தேன், டம்ளரில் பாதி இருந்தது. ஆன்ட்டியும் பார்த்தார்கள். டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் கேட்டேன், "ஏம்மா மீதி வெச்ச?"

"சக்கரை ஜாஸ்திடி."

அதே டீயைத்தான் நானும் குடித்தேன். அதிகமா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வீட்டில் அம்மா எவ்வளவு சர்க்கரை போட்டுக்கொள்வார்கள் என்று இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததும் இல்லை. இன்று காலை அவர்கள் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நன்றாகத் தித்தித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியவில்லை.

முழுவதும் குடித்தார்கள் என்று எழுதியிருக்கலாம். நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்? ஆனால் நடந்தது பாதிதான். ஜனவரி மூன்றாம் தேதி எப்படியும் அங்கே வந்து இறங்குகிறேன். பாதி டம்ளருக்கு அந்த இடம் உண்டா இல்லையா என்று நீ சொல்.

ரேகா